பிஸ்டல் டிரிகரை இஷ்டத்துக்கு மாற்றலாமா? கம்பெனி பார்ட், வெளி பார்ட்: இந்தியாவில் சட்டம் சொல்வது என்ன?

நீங்கள் ஸ்ரீசிட்டியிலோ திருப்பதியிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதியில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறீர்கள். இல்லை, அப்பா பெயரில் லைசென்ஸோடு ஒரு .32 பிஸ்டல் வீட்டில் இருக்கிறது. இரவு யூடியூபில் ஒரு அமெரிக்கர் தன் பிஸ்டலின் டிரிகரைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பெனியின் பளபளப்பான அலுமினிய டிரிகரை மாட்டுகிறார். "இருபதே நிமிஷம், குறி அப்படியே மாறிடும்" என்கிறார். கீழே வாங்குவதற்கான லிங்க்கும் இருக்கிறது.

பைக்குக்கு சைலன்சர் மாத்துற மாதிரி இதையும் மாத்திடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் இது ஒரு நுகர்வோரின் தேர்வு. கம்பெனி பார்ட் நல்லதா, வெளி பார்ட் நல்லதா என்று காசையும் தரத்தையும் பார்த்து முடிவு செய்துவிடலாம். இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே முதல் கேள்வி, "எந்த டிரிகர் நல்லது?" என்பதல்ல. "அதில் கை வைக்க யாருக்கு அனுமதி இருக்கிறது?" என்பதுதான். இதற்குத் தப்பாகப் பதில் சொன்னால் போவது பணம் மட்டுமல்ல. வேலை, பாஸ்போர்ட், சில ஆண்டு வாழ்க்கை என்று எல்லாமே போகலாம்.

டிரிகர் என்றால் விரல் படும் அந்த வளைவு மட்டும்தானா?

இல்லை. விரல் படுவது ஒரு சங்கிலியின் முதல் கண்ணி. அதை இழுத்தால் உள்ளே ஒரு பட்டை நகரும். அந்தப் பட்டை, 'சியர்' எனப்படும் சின்ன உலோகப் பிடியை விடுவிக்கும். சியர் விட்டதும் ஹேமரோ ஸ்ட்ரைக்கரோ பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும். இவற்றோடு ஸ்பிரிங்குகளும், துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டுகளும் பிணைந்திருக்கும்.

இந்தத் தொகுப்பில் சுடுபவர் உணர்வது நாலே விஷயம்தான். எவ்வளவு எடை கொடுத்து இழுக்க வேண்டும்? சுடும் புள்ளி வருவதற்கு முன் எவ்வளவு தூரம் 'சும்மா' நகர்கிறது? சுட்ட பிறகு விரல் எவ்வளவு தூரம் ஓடுகிறது? அடுத்த குண்டுக்குத் தயாராக எவ்வளவு திரும்ப வர வேண்டும்? வெளி பார்ட் விற்பவர்கள் இந்த நாலையும் குறைத்துத் தருவதாகத்தான் சொல்கிறார்கள்.

இழுவை லேசாக இருந்தால் கை ஆடாது, குறி மேம்படும். இது உண்மைதான். ஆனால் அதே லேசான இழுவை, பதற்றத்தில் விரல் இறுகினாலும் சுட்டுவிடும். கம்பெனி ஒரு டிரிகரை வடிவமைக்கும்போது அந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் சேர்த்துத்தான் சோதிக்கிறது. வெளியிலிருந்து ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால், மற்ற கண்ணிகளோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அந்தக் கம்பெனி பொறுப்பேற்காது.

அப்படியானால் கம்பெனி பார்ட் எப்போதும் பாதுகாப்பா?

அதுவும் இல்லை. அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்தின் 'பி320' பிஸ்டல் நல்ல உதாரணம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் புதிய பிஸ்டலாகத் தேர்ந்தெடுத்தது அந்த மாடலின் ஒரு வடிவத்தைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் பொதுச் சந்தையில் விற்ற பி320 தானாகச் சுடக்கூடும் என்ற பிரச்சினை வெளியே வந்தது. விற்ற பிஸ்டல்களுக்கு எடை குறைந்த டிரிகர் உள்ளிட்ட மாற்றுப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதாவது, கம்பெனி போட்ட டிரிகரையே கம்பெனி மாற்ற வேண்டி வந்தது.

நியூயார்க் போலீஸ் கதை இதற்கு நேரெதிர். கவனமின்றிச் சுடுவதைத் தடுக்க, 1990-களிலிருந்து தங்கள் பிஸ்டல்களில் 12 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 5.4 கிலோ இழுவை கொண்ட டிரிகரை அவர்கள் வைத்திருந்தார்கள். அதே வகை க்ளாக் பிஸ்டலில் வழக்கமான இழுவை இதில் பாதிக்கும் குறைவு. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே ஆயுதம் வைத்திருந்த ஒருவரை இரண்டு போலீஸார் சுட்டபோது, பக்கத்தில் இருந்த பொதுமக்கள் ஒன்பது பேர் காயம்பட்டார்கள். எல்லாம் போலீஸ் சுட்டதில் பட்ட காயம். கனமான டிரிகர் குறியைக் கெடுக்கிறதா என்ற விவாதம் அதன் பிறகு பெரிதானது. 2021-ல் புதிதாகச் சேருபவர்களுக்கு லேசான டிரிகர் கொடுக்க அந்தத் துறை முடிவெடுத்தது.

கனமான டிரிகர் பாதுகாப்பு, லேசானது ஆபத்து என்ற எளிய சூத்திரம் எதுவும் இல்லை என்பதைத்தான் இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. மாற்றத்தைச் செய்தது பொறுப்பேற்கக்கூடிய ஒரு நிறுவனம். எந்தப் பாகம், எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. வீட்டு மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு செய்யும் மாற்றத்துக்கு இந்த இரண்டுமே கிடையாது.

இந்தியச் சட்டம் ஒரு டிரிகரை எப்படிப் பார்க்கிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்பதற்கான விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். முழுத் துப்பாக்கி மட்டுமல்ல, அதன் பாகங்களும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களும்கூட 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. அந்தப் பளபளப்பான அலுமினியத் துண்டும் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்.

அடுத்து 5-ஆவது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, விற்பது மட்டும் குற்றமல்ல. அதை 'மாற்றியமைப்பதும்' 'பழுது பார்ப்பதும்' அதே பட்டியலில் இருக்கின்றன. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "என்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்பார்கள். உங்களிடம் இருப்பது வைத்திருப்பதற்கான லைசென்ஸ். பழுது பார்க்கும் தொழிலுக்கான லைசென்ஸ் வேறு. அதை வைத்திருப்பவர்கள் அனுமதி பெற்ற டீலர்களும் தயாரிப்பாளர்களும்.

தண்டனை? 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன், 5-ஆவது பிரிவை மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. இப்போது குறைந்தபட்சமே 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். இந்தத் தண்டனை கள்ளத் துப்பாக்கி செய்யும் பட்டறைகளைக் குறிவைத்துத்தான் கூட்டப்பட்டது. ஆனால் சட்டத்தின் வாசகம், பட்டறைக்காரர் என்றும் ஐடி ஊழியர் என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை.

"சின்னப் பாகத்துக்குக்கூடவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆயுதத்தின் சிறு பாகங்களை வைத்திருப்பது குற்றமாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உங்களிடமோ வேறு யாரிடமோ இருக்கும் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக் கூடாது. பழைய ரைஃபிளின் டிரிகர் ஒன்று ஷோகேஸில் அழகுக்காகக் கிடந்தால் இந்த விலக்கு பொருந்தலாம். அலமாரியில் பிஸ்டல், மேஜையில் அதே பிஸ்டலுக்குப் பொருந்தும் புது டிரிகர் என்றால், நோக்கம் என்ன என்று யாரும் உங்களிடம் கேட்க வேண்டியதே இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது இன்னொரு சிக்கல். துப்பாக்கிப் பாகங்களை இறக்குமதி செய்ய தனி லைசென்ஸ் வேண்டும். 'பைக் பார்ட்' என்று எழுதி அனுப்பச் சொல்லி, சுங்கத்தில் பார்சல் மாட்டிக்கொண்டால், ஆயுதச் சட்டத்தோடு சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

டிரிகரை வைத்தே ஒரு ஆயுதம் 'தடை' ஆகுமா?

ஆகும். இந்தியச் சட்டத்தில் 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' என்பதன் விளக்கமே டிரிகரை மையமாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. டிரிகரை அழுத்திப் பிடித்தால், விரலை எடுக்கும் வரையோ மேகசின் காலியாகும் வரையோ குண்டுகள் தொடர்ந்து வரும்படி வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கி எதுவானாலும் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். 'மாற்றியமைக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாங்கும்போது சட்டப்படி சரியாக இருந்த பிஸ்டல், ஒரு சின்னத் துண்டைச் சேர்த்ததும் வேறு வகைக்குப் போய்விடும். அப்படி ஒன்றை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு சிறை.

அமெரிக்கா இன்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதில்தான். 'க்ளாக் ஸ்விட்ச்' எனப்படும் விரல் நுனி அளவு துண்டு, சாதாரண பிஸ்டலை இயந்திரத் துப்பாக்கி ஆக்கிவிடுகிறது. அது அங்கேயும் சட்டவிரோதம். ஆனால் ரைஃபிளில் மாட்டும் 'பம்ப் ஸ்டாக்' பற்றிய வழக்கில், 2024 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் வேறு மாதிரி தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகர் தனித்தனியாக இயங்குவதால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்பதே தீர்ப்பு. டிரிகர் எத்தனை முறை அசைகிறது என்பதே ஒரு நாட்டின் மிகப் பெரிய வழக்கின் மையமாக இருந்தது.

யூடியூப் உங்களுக்குச் சொல்லாத இன்னொன்று. அங்கே காட்டப்படும் டிரிகர்களில் பெரும்பாலானவை 9 எம்எம் பிஸ்டல்களுக்கானவை. இந்தியாவில் போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்எம், சாதாரணக் குடிமக்களின் லைசென்ஸில் வராது. அதனால்தான் இங்கே .32 அளவு பிஸ்டலும் ரிவால்வரும் அதிகம். நீங்கள் பார்க்கும் அந்த டிரிகர், சட்டப்படி உங்களிடம் இருக்கக்கூடிய எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

சித்தூர்க்காரர்களிடம் கேட்டால் அதற்கு ஒரு தேதியைச் சொல்வார்கள்: 2015 நவம்பர் 17. சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே, மேயர் கட்டாரி அனுராதா பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தியால் தாக்கப்பட்ட அவர் கணவர் மோகனும் உயிரிழந்தார். வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து, 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது.

அந்தக் கொலைக்கும் லேசான டிரிகருக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு குற்றம் நடந்த பிறகு விசாரணை எங்கிருந்து தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது, யார் விற்றார், யார் கை வைத்தார்? ஒவ்வொரு கட்டத்திலும் லைசென்ஸும் பதிவேடும் வேண்டும் என்று சட்டம் கேட்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கத்தான். நீங்கள் வீட்டில் செய்யும் ஒரு 'சின்ன' மாற்றம் அந்தப் பதிவில் ஓட்டை போடுகிறது.

நாளைக்கே உங்கள் பிஸ்டல் தவறுதலாக வெடித்து ஒருவருக்குக் காயம் என்றால், தடயவியல் ஆய்வுக்குப் போகும். கம்பெனி டிரிகர் இருந்த இடத்தில் வேறொன்று இருந்தால், "விபத்து" என்ற உங்கள் வாதத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? உயிரிழப்பு என்றால், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆயுதச் சட்டம் அதற்கு மேல் தனி.

அப்போ விளையாட்டு வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

இது முக்கியமான கேள்வி. ஏனென்றால் நம்மில் பலர் டிரிகரைப் பற்றி யோசிப்பதே விளையாட்டுக்காகத்தான்.

ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் .177 அளவுக்கு மிகாத குழாயும் கொண்ட ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல்கள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பவை. சட்டம் இங்கே கொஞ்சம் தளர்கிறது. ஆனால் விளையாட்டு விதி இறுக்கிப் பிடிக்கிறது. சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி டிரிகர் இழுவை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில் 1,000 கிராம். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். கல் மேலே வர வேண்டும். அதற்கு முன் டிரிகர் விட்டுவிட்டால் பிஸ்டல் தேறாது. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் திடீரென்று அழைத்துச் சோதிப்பார்கள். அப்போது தேறாவிட்டால் தகுதி நீக்கம்.

அதனால் நல்ல போட்டி பிஸ்டல்களில் இழுவை எடை, டிரிகரின் இடம், ஓடும் தூரம் எல்லாவற்றையும் சரிசெய்ய கம்பெனியே திருகுகள் வைத்துத் தருகிறது. கையேட்டில் சொன்ன எல்லைக்குள் அவற்றைத் திருப்பி அமைப்பதுதான் இங்கே 'டியூனிங்'. வெளி ஆட்களிடம் வீரர்கள் தாராளமாகச் செய்துகொள்வது டிரிகர் அல்ல, பிடி. உள்ளங்கை அளவுக்குச் செதுக்கிய மரப்பிடி.

சரி, உயர்தர கம்பெனி டிரிகர் இருந்தால் போதுமா? 2021 ஜூலை 25, டோக்கியோ. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. 60 குண்டுகள், 75 நிமிடம். மனு பாக்கரின் எலக்ட்ரானிக் டிரிகர் பிஸ்டல் நடுவில் பழுதானது. சரிசெய்து திரும்பி வருவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. மீதி குண்டுகளை அவசரமாகச் சுட வேண்டிய நிலை. 575 புள்ளிகள், இறுதிச் சுற்று 2 புள்ளிகளில் கைநழுவியது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம். இரண்டு நாளில் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம்.

டோக்கியோவில் உடைந்தது மலிவான வெளி பார்ட் அல்ல, உலகத் தரமான பிஸ்டல்தான். எந்த இயந்திரமும் பழுதாகும். எந்தக் கம்பெனி டிரிகர் என்று ஆராய்வதில் செலவிடும் நேரத்தில் பாதியைப் பராமரிப்புக்கும், மாற்று பிஸ்டலைப் பழகிவைப்பதற்கும் கொடுத்தால் லாபம் அதிகம்.

எல்லை தாண்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சென்னைக்கும் திருப்பதிக்கும் வாராவாரம் போய் வருபவர்களுக்கு இது. உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், காட்பாடி தாண்டி சித்தூர் எல்லைக்குள் நுழைந்ததும் அது வெறும் காகிதம். சென்னையில் லைசென்ஸ் தருவது போலீஸ் கமிஷனர். சித்தூரிலும் திருப்பதியிலும் மாவட்ட ஆட்சியர். வீடு மாறினால் தகவல் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

ரேணிகுண்டா விமான நிலையத்தில் கைப்பையில் பிஸ்டல் மட்டுமல்ல, துப்பாக்கிப் பாகங்களும் தடை. ஸ்கேனரில் ஒரு டிரிகர் தெரிந்தால், "இது ஏர் பிஸ்டலோடதுங்க" என்று வரிசையில் நின்று விளக்கும் நிலைமை வேண்டாம். திருமலைக்கு ஆயுதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அலிபிரியிலேயே சோதனை உண்டு. ரேஞ்சிலிருந்து நேராக மலைக்குப் போகும் திட்டம் இருந்தால், பையை முதலில் காலி செய்துவிடுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

லைசென்ஸ் பெற்ற பிஸ்டலில் டிரிகர் இறுகுகிறது, ஒட்டுகிறது, இழுவை மாறிவிட்டது என்று தோன்றினால், அதை நீங்களே திறக்காதீர்கள். தயாரித்த தொழிற்சாலையிடமோ, பழுது பார்க்கும் லைசென்ஸ் உள்ள டீலரிடமோ போங்கள். அவருடைய லைசென்ஸில் பழுது பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனியின் பாகமே போடச் சொல்லி, என்ன மாற்றினார்கள் என்று எழுதிய ரசீதை வாங்கி, லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவது அந்த ரசீதுதான்.

ஏர் பிஸ்டல் என்றால் கையேட்டில் உள்ள திருகுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். திருப்பிய பிறகு 500 கிராம் எடைக்கல்லில் சோதிக்காமல் போட்டிக்குப் போகாதீர்கள்.

ஆன்லைனில் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்களா? அனுப்புவதற்கு முன் ரத்து செய்யுங்கள். பார்சல் வந்துவிட்டது என்றால், மாட்டிப் பார்க்காமல், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

லேசான டிரிகர் உங்கள் குறியைக் கொஞ்சம் மேம்படுத்தலாம். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம், குண்டில்லாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகும் பயிற்சியைப் பயிற்சியாளரின் கண்முன் செய்தால், அதைவிட நன்றாகவே மேம்படும். அதற்குக் காசும் வேண்டாம், லைசென்ஸ் பிரச்சினையும் வராது.